பைப்புக்குள் வீட்டுத் தோட்டம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீவிசி பைப்பை வெட்டி அதற்குள் கீரையும் மிளகாயும் வளர்ப்பது பற்றி நல்லூர், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். மேலேயிருந்து வாசித்து வாருங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகின்றன.

எல்லாப் பதிலுக்கும் அடியில் கிடப்பது ஒரே விஷயம்: பைப்புக்குள் மண் கொஞ்சம்தான் பிடிக்கும். எந்தச் செடி, எவ்வளவு தண்ணீர், எங்கே வைப்பது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

உதென்ன தம்பி, பைப்புக்குள்ள மரக்கறி வளருமோ?

வளரும். வேருக்கு ஈரமும் காற்றும் உள்ள மண் வேண்டும், இலைக்கு வெயில் வேண்டும். அந்த மண் நிலத்தில் இருந்தால் என்ன, பைப்பில் இருந்தால் என்ன. ஆனால் அளவைப் பாருங்கள். நாலு அங்குலம் என்று கடையில் சொல்லும் 110 மில்லிமீற்றர் பைப் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ எட்டரை லீற்றர் மண்தான் கொள்ளும். ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு தூண் வைத்தால் 13 லீற்றர். ஒரு பெயின்ற் வாளியில் பிடிக்கும் மண்ணைவிட அது குறைவு. அந்த 13 லீற்றரில் பதினொரு செடி நிற்கப்போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் இலகு.

எங்களுக்கு நாலு பரப்புக் காணி கிடக்கு. நாங்களும் உது செய்ய வேணுமோ?

வேண்டாம். நல்ல செம்மண் காணியும் கிணறும் இருந்தால் நிலத்தில் நடுங்கள். காசும் மிச்சம், விளைச்சலும் கூட.

இது நிலம் இல்லாதவர்களுக்கு. மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள், முற்றம் முழுக்கச் சீமெந்து போட்ட வீடுகள், மண்ணே உவராய்ப் போன கரையோரக் காணிகள், இவற்றுக்குப் பொருந்தும். இன்னும் முக்கியமாக, குனிந்து நிமிர ஏலாதவர்களுக்கு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முழங்கால் வருத்தத்தோடு தனியே இருக்கிற அம்மாமார் எத்தனை பேர் எங்கள் ஊரில்! இடுப்பு உயரத்தில் ஒரு பைப் இருந்தால் நின்றபடி, அல்லது கதிரையில் இருந்தபடி கீரை கிள்ளலாம். அவர்களுக்குச் செய்து கொடுப்பதற்காகவே இந்த வேலையைப் பழகலாம் என்பேன்.

கடையில போய் என்னெண்டு கேக்கிறது? எத்தினை வகை காட்டுறாங்கள்.

சாம்பல் நிறப் பீவிசி பைப், 110 மில்லிமீற்றர், எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தரச்சான்று) முத்திரை அடித்தது, குடிதண்ணீருக்கு உரியது. அதிலேயே அமுக்கம் தாங்கும் அளவு குறைந்த, தடிப்புக் குறைந்த வகையைக் கேளுங்கள். எங்களுக்கு அமுக்கம் ஒன்றும் இல்லை. மெல்லிய பைப் வெட்டவும் சுலபம், சூடாக்கினால் கெதியாக இளகும். இருபது அடி என்று சொல்லுகிற முழு நீளம் 6 மீற்றர். அதில் ஒன்றரை மீற்றர்த் துண்டு நாலு வரும். கடையிலேயே வெட்டித் தரச் சொன்னால் ஓட்டோவில் கொண்டுவரலாம்.

காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 160 மில்லிமீற்றர் எடுங்கள். குறுக்களவு கொஞ்சம் கூடுவதுபோலத் தெரிந்தாலும் மண் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும்: ஒன்றரை மீற்றருக்கு 27 லீற்றர். கோடையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மிளகாய் வைக்க விரும்பினால் 160தான்.

அதோடு நிமிர்த்தி வைக்கிற தூணுக்கு மூடி ஒன்று (படுக்க வைப்பதென்றால் இரண்டு), தண்ணீர் விட 20 மில்லிமீற்றர் பைப் ஒன்றரை மீற்றர், அதற்கு ஒரு சின்ன மூடி, சுவரில் பிடிக்கக் கிளிப் இரண்டு. ஒட்டுகிற பசை வாங்கத் தேவையில்லை. அடி மூடியை ஒட்டிவிட்டால் பிறகு மண்ணை மாற்றக் கழற்ற முடியாது. இறுக்கிச் செருகி ஒரு ஸ்க்ரூ போட்டால் போதும்.

பழைய வீடு இடிக்கேக்க எடுத்த பைப் கோடிக்குள்ள கிடக்கு. அதைப் பாவிச்சா என்ன?

முதலில் அது பீவிசி தானா என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் அஸ்பெஸ்டஸ் சீமெந்துப் பைப்பும் இருக்கிறது. அதுவும் சாம்பல் நிறம்தான். ஆனால் பாரம், தட்டினால் ஓட்டுச் சத்தம், உடைந்த இடத்தில் நார் நாராகத் தெரியும். அதை வாளால் அறுக்கவும் கூடாது, ட்ரில் போடவும் கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுங்கள்.

பீவிசி என்று தெரிந்தாலும், மலசலகூடத்துப் பைப் வேண்டாம். கழுவிவிடலாம் என்பார்கள், சாப்பிடுகிற கீரைக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை. பல வருடம் வெயிலில் கிடந்து, நகத்தால் சுரண்ட வெள்ளைத் தூள் வருகிற பைப்பும் வெட்டும்போது வெடிக்கும்.

பிளாஸ்ரிக்கில வளர்ந்ததைத் தின்னலாமோ? வருத்தம் ஒண்டும் வராதோ?

நியாயமான பயம். பீவிசியில் இரண்டு வகை. வளைகிற ஹோஸ் பைப், மேசை விரிப்பு போன்றவற்றை மென்மையாக்க எண்ணெய் மாதிரியான இரசாயனம் கலப்பார்கள். அது கசியக் கூடியது. கட்டியான தண்ணீர்ப் பைப்பில் அந்தக் கலவை இல்லை. உங்கள் வீட்டுத் தாங்கியிலிருந்து குசினிக்கு வருகிற தண்ணீரும் இதே பைப்பால்தான் வருகிறது.

பழைய காலப் பைப்புகளைச் செய்யும்போது ஈயம் சேர்த்த மருந்து பாவித்திருக்கிறார்கள். முந்தின பதிலில் பழையது வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். குடிதண்ணீர்ப் பைப்பைப் புதிதாக வாங்கி, எரிக்காமல் கருக்காமல் பாவித்தால் நான் என் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கமாட்டேன்.

நிமித்தி வைக்கிறது நல்லதோ, படுக்க வைக்கிறது நல்லதோ?

இடம் மிகக் குறைவு என்றால் நிமிர்த்தி வையுங்கள். ஒரு சதுர அடியில் பதினொரு செடி நிற்கும். ஆனால் தண்ணீர் விடுவது கொஞ்சம் சூட்சுமம்.

முதல்தடவை செய்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் படுக்கை வசம்தான் நல்லது. தண்ணீர் சமமாகப் போகும், விதையை நேரே தூவலாம், பராமரிப்புக் குறைவு. இரண்டரை அடி உயரத்தில் இரண்டு கவட்டுத் தடி நட்டு அதன்மேல் வைத்தாலே காணும். முக்கால் மீற்றருக்கு ஒரு தாங்கு கொடுக்காவிட்டால் வெயிலில் இளகி நடுவில் தொய்யும்.

சரி, வெட்டிறது எப்பிடி? வடிவா விளங்கச் சொல்லுங்கோ.

எதை வெட்டினாலும் கீழே ஒரு படங்கை விரித்துவிட்டு வெட்டுங்கள். வருகிற பிளாஸ்ரிக் தூளை அள்ளிக் குப்பைக்குப் போட வேண்டும். அது தோட்டத்து மண்ணோடு கலந்தால் ஒருநாளும் உக்காது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நேராக வெட்டுவதற்கு, ஒரு கடதாசித் தாளைப் பைப்பைச் சுற்றிப் பிடித்து, தாளின் விளிம்பு ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் ஹக்சோவைப் பைப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் வெட்டுக் கோணாது.

படுக்கை வசத்துக்கு: மேற்பக்கத்தில் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் அகலத்துக்கு நீள்சதுரமாகக் கோடு கீறி அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே திறப்பாக வெட்ட வேண்டாம். அரை மீற்றருக்கு ஒரு இடத்தில் நாலு விரல் அகலப் பாலம் விடுங்கள். இல்லாவிட்டால் மண்பாரத்துக்குப் பைப் வாயைப் பிளந்துவிடும். அடியில் 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 6 மில்லிமீற்றர் ஓட்டை. இரண்டு பக்கமும் மூடி. அவ்வளவுதான்.

தூணுக்கு: பைப்பின் சுற்றளவு ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர். அதை மூன்றாகப் பிரித்து மேலிருந்து கீழே மூன்று கோடு போடுங்கள். முதல் கோட்டில் மேலிருந்து 15 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி, இரண்டாவது கோட்டில் அதைவிட 10 சென்ரிமீற்றர் கீழே, மூன்றாவதில் இன்னும் 10 கீழே, திரும்ப முதல் கோடு. இப்படிச் சுற்றிச் சுற்றி இறங்கினால் ஒரே மட்டத்தில் இரண்டு வெட்டு வராது, பைப்பின் பலமும் போகாது. கடைசி 30 சென்ரிமீற்றரை வெட்டாமல் விடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் 8 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் கிடையாக ஹக்சோவால் ஒரு கீறல். கீறலுக்கு மேலும் கீழும் ஹீட் கன் (சூட்டுக் காற்று ஊதுகிற கருவி) பிடித்து, பைப் மினுங்கி இளகத் தொடங்கியதும் ஒரு கண்ணாடிப் போத்தலின் கழுத்தை மேலிருந்து சரிவாகச் செருகி அமர்த்துங்கள். கீழ் உதடு வெளியே வரும், மேல் உதடு உள்ளே போகும். ஈரத்துணியால் ஒற்றிவிட்டுப் போத்தலை எடுத்தால் வாய் அப்படியே நிற்கும். ஒரு வெட்டுத் துண்டில் இரண்டு மூன்று முறை பழகிப் பார்த்துவிட்டு நல்ல பைப்பில் கை வையுங்கள்.

ஹீட் கன்னுக்கு எங்க போறது? அடுப்பு நெருப்பில காட்டினாச் சரிதானே?

கூடாது. பீவிசி 80 பாகை செல்சியஸ் அளவில் இளகும். 200 பாகையைத் தாண்டினால் சிதைந்து ஐதரோக்குளோரிக் அமிலப் புகை விடும். நெருப்பு நாக்கு அந்த அளவை நொடியில் தாண்டிவிடும். கருகின மணம் மூக்கில் அடிக்கும்போதே நீங்கள் அதைச் சுவாசித்துவிட்டீர்கள். ஹீட் கன்னையும் திறந்த வெளியில் நின்றுதான் பிடிக்க வேண்டும்.

ஹீட் கன் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது யோகட் கப். ட்ரில்லில் பூட்டுகிற வட்ட வாளால், கப்பின் வாயைவிடக் கொஞ்சம் சிறிதாக ஓட்டை போட்டு, அடியை வெட்டி எடுத்த யோகட் கப்பைச் சரிவாக உள்ளே செருகுங்கள். செடி நிற்க வாய் தயார். வட்ட வாளும் இல்லையென்றால் படுக்கை வசமாகச் செய்யுங்கள். அதற்கு ஹக்சோவும் சாதாரண ட்ரில்லும் போதும்.

உள்ளுக்க என்னத்தைப் போடுறது? எங்கட செம்மண்ணே பொன் எண்டு சொல்லுவினமே.

நிலத்தில் அது பொன்தான். கோப்பாய், உரும்பிராய், இணுவில் தோட்டங்களைப் பார்த்தால் தெரியும். ஆனால் பைப்புக்குள் செம்மண்ணை மட்டும் போட்டால் நாலு தரம் தண்ணீர் விட்டதும் இறுகி, காய்ந்தால் பைப்பின் ஓரத்திலிருந்து விலகி இடைவெளி விடும். பிறகு விடுகிற தண்ணீரெல்லாம் அந்த இடைவெளியால் இறங்கி ஓடும், வேர் நனையாது.

செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, நன்றாக உக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு. இதில் உமிக்கரி இரண்டு கைபிடி, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைபிடி. தும்புத்தூளை அப்படியே போடாதீர்கள். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றுங்கள். அதில் உப்பு இருக்கும். எரு பச்சையாக இருந்தால் இந்தக் கொஞ்ச மண்ணுக்குள் சூடு பிடித்து வேரைக் கருக்கும். எங்கள் தோட்டக்காரர் நிலத்தில் தாழ்க்கிற பனையோலை, பூவரசங்குழை எல்லாம் நல்ல பசளைதான், ஆனால் உக்கி முடிந்த பிறகுதான் பைப்புக்குள் போக வேண்டும்.

அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சல்லிக்கல், அதன்மேல் ஒரு பிடி பனந்தும்பு அல்லது தென்னந்தும்பு. மண் கழுவுப்பட்டு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்காமல் அது தடுக்கும். மண்ணை அமர்த்தி இடிக்க வேண்டாம். தண்ணீர் விட்டால் தானே இருந்துகொள்ளும், குறைகிற இடத்துக்குப் பிறகு போடலாம்.

தூணிலை மேலுக்கு நிக்கிற கண்டு வாடுது, கீழ நிக்கிறது அழுகுது. ஏன் அண்ணை?

மேலே ஊற்றுகிற தண்ணீர் எப்போதும் கீழே போய்ச் சேரப் பார்க்கும். அதற்குத்தான் அந்த 20 மில்லிமீற்றர் பைப். அதன் அடியை மூடியால் அடைத்து, தூணின் நடுவில் நிறுத்தி, சுற்றிவர மண்ணை நிரப்புங்கள். தண்ணீரை அந்தக் குழாய்க்குள் ஊற்றுங்கள். அதில் 3 மில்லிமீற்றர் ஓட்டைகள் போட வேண்டும்: மேல் பாதியில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்று, கீழ்ப் பாதியில் 15 சென்ரிமீற்றருக்கு ஒன்று, கடைசி 20 சென்ரிமீற்றரில் ஒன்றும் வேண்டாம். கீழே தண்ணீரின் அமுக்கம் கூட, அதனால் ஓட்டை குறைவாக இருந்தாலே காணும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் போட்டவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

பழைய நுளம்பு வலைத் துண்டால் அந்தக் குழாயைச் சுற்றிவிட்டால் மண் ஓட்டைக்குள் போகாது. இன்னொன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் இந்த ஓட்டைகளிலும் படிந்து அடைக்கும். மாதத்துக்கு ஒருக்கால் குழாயை இழுத்து எடுத்து ஈர்க்கால் குத்திவிடுங்கள். கடுமையாகப் படிந்திருந்தால் வினாகிரியில் ஊறவையுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி விட வேணும்?

மாரியில் பல நாள் தேவையே இல்லை. பங்குனி, சித்திரை வெயிலிலும் சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசுகிற காலத்திலும் ஒரு தூணுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லீற்றர் வரை, காலையும் மாலையும் பிரித்து. ஒரேயடியாக ஊற்றினால் பாதி அடியால் ஓடிவிடும். விரலை மண்ணுக்குள் முதல் மூட்டு வரை விட்டுப் பாருங்கள்; ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். அடியால் வடிகிற தண்ணீரில் பசளை இருக்கும், ஒரு சட்டி வைத்து ஏந்தி அன்றைக்கே திரும்ப ஊற்றலாம்.

எங்கட கிணறு உவர். இதுக்கு விட்டா பட்டுப்போகுமோ?

தீவுப் பகுதியிலிருந்தும் வடமராட்சிக் கரையிலிருந்தும் வருகிற கேள்வி. குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதுதான் எங்கள் நல்ல தண்ணீர். கரையோரத்தில் அதற்குக் கீழே கடல்நீர் கிடக்கிறது. கூட இறைத்தால் அது மேலே வரும்.

லேசான உவர் என்றால் சமாளிக்கலாம். கொஞ்சமாக அடிக்கடி விடுவதைவிட, விடும்போது அடியால் வடிகிற அளவுக்கு விடுங்கள். உப்பும் சேர்ந்து வெளியேறும். அப்படியென்றால் வடிகிற தண்ணீரை மேலே சொன்னபடி திரும்ப ஊற்றக்கூடாது. முளைக்கீரை, பீற்றூட் ஓரளவு தாங்கும். வெங்காயமும் போஞ்சியும் தாங்காது. மாரியில் கூரைத் தண்ணீரை ஒரு தாங்கியில் பிடித்து மூடி வைத்தால், நாற்றுப் பருவத்துக்கு மட்டுமாவது அதை விடலாம். பைப்பில் மண் குறைவு என்பது இந்த இடத்தில் உதவி: தேவையான நல்ல தண்ணீரும் குறைவு.

என்னென்ன நடலாம்? தக்காளி வைக்கலாமோ?

110 மில்லிமீற்றர் பைப்பில் தக்காளி, கத்தரி, வெண்டி, பயிற்றை வேண்டாம். வளரும், பூக்கும், பிறகு காய் பிடிக்கிற நேரத்தில் வேருக்கு இடமில்லாமல் நின்றுவிடும். அவற்றுக்கு ஒரு வாளியைக் கொடுங்கள்.

இலை வகைதான் இதற்கு உரியது. முளைக்கீரை விதைத்து மூன்று நாலு கிழமையில் வெட்டலாம். பொன்னாங்காணியைத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்குகிற கட்டிலிருந்தே நாலு தண்டு எடுத்துக் குத்தினால் வேர் பிடிக்கும். வல்லாரை ஈரம் விரும்பி. தூணின் அடி வாய்களில் வையுங்கள். மேல் வாய்களுக்குக் கற்பூரவள்ளி நல்லது, ஒருநாள் தண்ணீர் விட மறந்தாலும் வாடாது. புதினாவுக்குத் தனிப் பைப் கொடுங்கள், மற்றதையெல்லாம் அமர்த்திவிடும். கொத்தமல்லி கார்த்திகையிலிருந்து மாசி வரை. வெயில் ஏறினால் இலை விடாமல் பூத்துவிடும். முளைத்துப்போன சின்ன வெங்காயம் குசினியில் கிடந்தால் குத்திவிடுங்கள், தாள் வெட்டி வெட்டி எடுக்கலாம். மிளகாய் 160 பைப்பில், ஒரு தூணுக்கு நாலு கன்றுக்கு மேல் வேண்டாம்.

எந்தப் பக்கச் சுவரில வச்சா நல்ல வெயில் படும்?

எங்கள் சூரியன் வருடத்தில் இரண்டு பக்கமும் போகும். சித்திரை நடுப்பகுதியில் மதியத்தில் நேர் உச்சியில் நிற்கும். அதிலிருந்து ஆவணி வரை மதியச் சூரியன் வடக்குப் பக்கம், பிறகு தெற்குப் பக்கம். மார்கழியில் வடக்குச் சுவரில் வைத்தால் நிழல்தான். கிழக்குச் சுவர் எல்லா மாதத்துக்கும் பாதுகாப்பு: காலை வெயில் கிடைக்கும், பின்னேரக் கொதிவெயில் படாது. மேற்குச் சுவர் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறதென்றால் பங்குனியிலிருந்து ஒரு கிடுகை மறைப்பாகக் கட்டுங்கள்.

பைப் கையால தொடேலாமல் கொதிக்குது. வேர் அவியாதோ?

அவியும். நிலத்து மண் ஆழத்தில் குளிர்ந்திருக்கும். இங்கே நாலு பக்கமும் வெயில். பைப்பின் வெளிப்பக்கத்தைச் சாண்ட் பேப்பரால் லேசாக உரஞ்சிவிட்டு, தண்ணீரில் கரைகிற வெள்ளை எமல்ஷன் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசுங்கள். சூடும் குறையும், வெயிலில் பீவிசி வெளிறி நொறுங்கிப்போவதும் தள்ளிப்போகும். தின்னர் கலக்கிற பெயின்ற் பீவிசியை அரிக்கக் கூடும், அது வேண்டாம். உள்ளே ஒன்றும் பூசாதீர்கள். தூண்களைத் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் மற்றதற்கு விழும்.

சோளகத்துக்கு உது நிண்டு பிடிக்குமோ?

கட்டாமல் வைத்தால் விழும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை விடாமல் வீசுகிற காற்று அது, அதோடு செடி வளர வளரக் காற்றுப் பிடிக்கிற பரப்பும் கூடும். மண் தரையென்றால் அடி மூடி போடாமல், வாய் வெட்டாமல் விட்ட அந்த 30 சென்ரிமீற்றரைப் புதைத்து, ஒரு கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள். சீமெந்துத் தரையென்றால் சுவரில் மேலும் கீழும் கிளிப்.

புயல் அறிவித்தல் வந்தால் வேறு கதை. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரேவி வந்தது நினைவிருக்கும். அப்படியான நாளில் மாடியில் நிற்கிற தூண்களைக் கழற்றிப் படுக்க வைத்துவிடுங்கள். செடி போனால் திரும்ப நடலாம். பறக்கிற பைப் யாருக்காவது பட்டால் என்ன செய்வது?

மாடியில வச்சா பாரம் தாங்குமோ? வீட்டுக்காரர் கேக்கினம்.

நனைந்த மண்ணோடு 110 பைப் தூண் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. நாலு தூண் ஒரு ஆள் நிற்கிற பாரம். கொங்கிறீற் மாடி தாராளமாகத் தாங்கும். சீற் கூரை, ஓட்டுக் கூரை, பல்கனிக் கம்பியில் தொங்கவிடுவது, இவை மூன்றும் வேண்டாம். வடிகிற தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்காமல் சட்டி வைத்தால் வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வராது.

டெங்கு எண்டு பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தா பிரச்சினையோ?

மண் நிரம்பிய பைப்பில் நுளம்பு முட்டையிடாது. தேங்கி நிற்கிற தண்ணீரில்தான் இடும். அதனால் பார்க்க வேண்டியது நாலு இடம்: வடிதண்ணீர்ச் சட்டி, நடுக்குழாயின் அடி, மண் போடாமல் நிமிர்த்தி வைத்த மிச்சப் பைப், யோகட் கப்பின் விளிம்பு. முட்டை பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். சட்டியை அன்றன்றைக்கே ஊற்றிவிடுங்கள், நடுக்குழாயின் மேல்வாயை வலையால் கட்டுங்கள், பாவிக்காத பைப்பைப் படுக்க வையுங்கள். நுளம்பு பெருக இடம் விட்டால் வழக்குப் போட 2007 இன் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

இலை மஞ்சளாகுது. என்ன பசளை போடுறது?

எந்த இலை என்று பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் நைதரசன் போதாது. கொஞ்ச மண்ணும் தினம் தண்ணீரும் என்றால் சத்துக் கழுவுப்பட்டுப் போவது வழமை, மாரியில் இன்னும் கூட. உக்கின மாட்டெருவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து கிழமைக்கு ஒருக்கால் ஊற்றுங்கள். மாதத்துக்கு ஒருக்கால் மேலே ஒரு பிடி கூட்டெரு.

நுனியில் வருகிற குருத்திலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லையென்று அர்த்தமில்லை. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் மண்ணைக் காரமாக்க, வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. கூட்டெருவைக் கூட்டுங்கள், கிடைக்கிற நேரம் மழைத்தண்ணீர் விடுங்கள். சாம்பலும் முட்டைக்கோதும் போடச் சொல்லுவார்கள். இந்தக் குறைக்கு இரண்டும் எதிர்.

யூடியூப்பில மண்ணே இல்லாமல், பைப்புக்குள்ள தண்ணி ஓட விட்டு வளர்க்கினம். அப்பிடிச் செய்வமோ?

செய்யலாம், ஆனால் முதல் வேலையாக அல்ல. அந்த முறையில் பம்ப் நின்றால், வெயில் நேரத்தில் ஓரிரு மணித்தியாலத்தில் வேர் காயத் தொடங்கும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதோடு அந்தப் பயிருக்குத் தண்ணீரின் பீஎச் (புளிப்பு, காரம் காட்டுகிற அளவு) 5.5 க்கும் 6.5 க்கும் இடையில் இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை அமிலம் கலந்து கலந்து இறக்க வேண்டிவரும். மண் இதையெல்லாம் தானே பொறுத்துக்கொள்ளும். இரண்டு போகம் மண்ணில் எடுத்துவிட்டு, மாற்று மின்சாரமும் பீஎச் மீற்றரும் வாங்க ஏலுமென்றால் அதற்குப் போங்கள்.

ஒருக்கா வெட்டி முடிஞ்சா மண்ணை எறியிறதோ?

எறிய வேண்டாம். அடி ஸ்க்ரூவைக் கழற்றி மண்ணைப் படங்கில் கொட்டி, வேரைப் பொறுக்கி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புதுக்கூட்டெரு கலந்து திரும்ப நிரப்புங்கள். செடி அழுகி இறந்த பைப்பின் மண்ணை மட்டும் திரும்பப் போடாமல் வாழையடியில் கொட்டுங்கள். வருடத்துக்கு ஒருக்கால், புரட்டாசியில், மாரிக்கு முன் இதைச் செய்வது தோதானது.

மிச்சம் வந்த துண்டுகளை என்ன செய்யிறது? குப்பையோட எரிச்சுவிடட்டோ?

எரிக்கவே கூடாது. மேலே நெருப்பைப் பற்றிச் சொன்ன அதே அமிலப் புகை, அதோடு டையொக்சின் என்கிற நஞ்சும் வரும். அது காற்றோடு போய்விடாது. சாம்பலிலும் மண்ணிலும் தங்கும்.

ஒரு அடித் துண்டு இருந்தால் தேசிக்கன்று, மாங்கன்று வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் புதைத்து, வாயை ஒரு சிரட்டையால் மூடிவிடுங்கள். கோடையில் தண்ணீரை அதற்குள் ஊற்றினால் மேல்மண்ணில் காய்ந்து போகாமல் நேரே வேருக்கு இறங்கும். அதைவிடச் சின்னத் துண்டுகள் நாற்றுப் போட உதவும்: வாழைமடலை அடியாக வைத்து மண் நிரப்பி ஒரு விதை போட்டால், நடுகிற நேரம் துண்டை மேலே உருவி எடுக்கலாம், வேர் அசையாது.